பஞ்சவர்ணத்தின் பத்துக்குப் பத்து

நொய்யலுக்குத் தெற்கே, சாயப்பட்டறைப் புகையும் பனியன் பஞ்சும் ஒன்றாய்க் கலந்து மிதக்கிற ஒரு சந்தில், பொங்கியண்ணன் காம்பவுண்டு என்று ஒன்று உண்டு. நடுவில் ஒரு வாசல், இரண்டு பக்கமும் தீப்பெட்டி அடுக்கினாற்போல லைன் வீடுகள், கடைசியில் பொதுக் குளியலறை, அதை ஒட்டி யாரும் குடிவர விரும்பாத ஈரச் சுவர் வீடு ஒன்று. எல்லா வீடும் பத்துக்குப் பத்துதான். சமைப்பதும் அதற்குள்தான், படுப்பதும் அதற்குள்தான், புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதானால் கூட இருவரும் ஒரே சுவரைப் பார்த்துத்தான் திருப்பிக்கொள்ள வேண்டும். அந்தக் காம்பவுண்டில்தான் பஞ்சவர்ணத்தின் வீடு வளர்ந்தது.

பஞ்சவர்ணம் மானாமதுரைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை; தைத்து வருகிற பனியனை விரித்துப் பார்த்து ஓட்டை, கறை, பிசிறு இருந்தால் ஒதுக்கிப் போட வேண்டும். நாளெல்லாம் அடுத்தவர் துணியில் அழுக்குத் தேடியவளுக்கு வீட்டுக்கு வந்தால் தன் வீட்டு அழுக்கைப் பார்க்கக் கண் இருக்காது. அவள் புருஷன் சோணைமுத்து சாயப்பட்டறையில் இரவு ஷிப்டு பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிற ஆள். நல்ல உயரம். மூலைக்கு மூலை குறுக்காகப் படுத்தாலும் கால் நீட்ட முடியாமல், முழங்காலை மடக்கி, பாதத்தைக் கேஸ் சிலிண்டர் மேல் வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமும் தூங்கினான். ஒரே மகள் பூங்கோதையை ஊரில் சோணைமுத்துவின் அண்ணன் வீட்டில் விட்டுப் படிக்க வைத்தார்கள். வேறு காரணம் ஒன்றுமில்லை, அவளுக்குப் பாய் விரிக்க இடமில்லை.

இடமில்லாத வீட்டில் சாமான் மட்டும் எங்கிருந்தோ வந்து சேரும். துவைத்த துணியும் துவைக்காத துணியும் ஒரே கொடியில் தொங்கும், பழைய பேப்பர் கட்டின்மேல் அரிசிப் பை, அரிசிப் பையின்மேல் காற்றாடி, காற்றாடியின்மேல் சோணைமுத்துவின் சட்டை. "எல்லாம் ஞாயித்துக்கெழம பாத்துக்கிருவோம்" என்பாள் பஞ்சவர்ணம். ஞாயிற்றுக்கிழமை வரும், விடிந்ததிலிருந்து அள்ளி, உதறி, கழுவி, இருட்டும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள், செவ்வாய்க்கிழமைக்குள் வீடு பழையபடி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமைதான். வேலை முடிந்து வந்தவள் வாசற்படியில் நின்று உள்ளே பார்த்தாள். பாத்திரம் குவிந்து கிடந்தது, அடுப்பில் காலையில் பொங்கிய பால் கருகி ஒட்டியிருந்தது. அழுகை வந்தது, ஆனால் அழுவதற்கும் உட்கார இடம் வேண்டுமே. 'பூராவும் நம்மாலே ஆகாது, இந்த அடுப்ப மட்டும் தொடச்சிட்டுப் படுப்போம்' என்று அடுப்பை மட்டும் துடைத்தாள். முடியாமல்தான் தொடங்கினாள், வைராக்கியத்தில் தொடங்கவில்லை.

மறுநாள் துடைத்த அடுப்பு அவளைப் பார்த்து அப்படியே மினுங்கிக்கொண்டிருந்தது. அதை அழுக்காக்க மனசு வராமல் சமைத்த சூடு ஆறுவதற்குள் ஒரு துணியால் இழுத்துவிட்டாள். அதற்கடுத்து, எழுந்த கையோடு பாயைச் சுருட்டினாள், தின்ற கையோடு தட்டைக் கழுவினாள், ஓர் இடத்திலிருந்து எழுந்தால் வெறுங்கையோடு எழுவதில்லை என்று வைத்துக்கொண்டாள்; தண்ணீர் குடிக்கப் போனால் போகிற வழியில் ஒரு டம்ளர், கதவைத் திறக்கப் போனால் போகிற வழியில் ஒரு சட்டை, குளிக்கப் போனால் போகிற வழியில் ஜன்னல் கம்பியில் ஒரு விரல் தூசி. எதற்கும் தனியாக நேரம் ஒதுக்கவில்லை, பால் கொதிக்கிற நேரமே போதுமானதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தபோது செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போக, புருஷனும் பெண்டாட்டியும் என்ன செய்வதென்று தெரியாமல் மீன் வாங்கிவந்து குழம்பு வைத்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மீன் குழம்புச் சோறு தின்றுவிட்டுப் படுத்த சோணைமுத்து தூக்கத்தில் காலை நீட்டினான். நீட்டிய கால் நீண்டுகொண்டே போயிற்று. எழுந்து உட்கார்ந்தான்.

"ஏய் வர்ணம், சிலிண்டர நகத்துனியா?"

"நான் எதுக்கு நகத்துறேன்? வச்ச எடத்துலதான் இருக்கு."

"அப்ப என் காலு குட்டையாப் போச்சா?"

அவள் வந்து பார்த்தாள். சிலிண்டர் சுவரோடு ஒட்டித்தான் இருந்தது. சுவர்தான் தள்ளி இருந்தது. இன்னொரு பாய் விரிக்கலாம் போல நடுவில் தரை பளிச்சென்று கிடந்தது. இருவரும் சிறிது நேரம் அந்தத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அடுப்பில் தண்ணீர் கொதித்ததால் பஞ்சவர்ணம் காப்பித்தூள் போடப் போனாள். சோணைமுத்து காலை நீட்டிப் படுத்து, ஷிப்டு நேரம் வரை தூங்கினான்.

சுரைக்காய் வளர்வதை யாரும் பார்த்ததில்லை, வளர்ந்ததைத்தான் பார்க்கிறோம். வீடும் அப்படித்தான் வளர்ந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அதே பத்துக்குப் பத்து. பக்கத்து வீட்டுக் கண்ணாத்தாள், தன் வீட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டுதான் அது வளர்கிறதோ என்று அடிக்கொரு தரம் தன் சுவரைச் சாண் போட்டு அளந்து பார்த்தாள். ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. உள்ளே போனால் மட்டும் நடக்க நடக்க இடம் வந்தது. அரைப் பரீட்சை லீவு முடியுமுன் சோணைமுத்து ஊருக்குப் போய்ப் பூங்கோதையைக் கூட்டிவந்தான். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அம்மா, இதுல எது என் மூல?"

"எந்த மூல வேணுமோ எடுத்துக்க" என்றாள் பஞ்சவர்ணம்.

காம்பவுண்டு அந்த வீட்டை எடுத்துக்கொண்ட விதம்தான் பெரிய கதை. முதலில் கண்ணாத்தாள் தன் கிரைண்டரைக் கொண்டுவந்து வைத்தாள். அடுத்து, எதிர் வரிசையில் இருந்த ஒடிசாக்காரி பிரமிளா, "அக்கா, சைக்கிள் உள்ள?" என்று கேட்டு, டயரைத் துடைத்து உள்ளே விட்டாள். சாயங்காலமானால் காம்பவுண்டுப் பிள்ளைகள் எல்லாம் அங்கே வட்டமாக உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதின. மகளிர் குழுக் கூட்டம் அங்கே நடந்தது, ஒரு பெண் பெரியவளானபோது பச்சை ஓலைக் குச்சிலை அங்கேயே கட்டினார்கள், மழை பெய்தால் ஆண்கள் அங்கே கேரம் போர்டு விளையாடினார்கள். மீட்டர் பார்க்க வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்து, "பல்பு ஒண்ணுதானே? அப்ப சரி" என்று எழுதிக்கொண்டு போனார். வீட்டு வரிக்காரர் டேப்பைப் பிடித்து வெளியே அளந்தார், உள்ளே அளந்தார், டேப் பற்றவில்லை. உள்ளே அளக்கச் சொல்லித் தனக்கு உத்தரவு இல்லை என்று ஞாபகம் வந்ததும் நிம்மதியாக டேப்பைச் சுருட்டினார். டீக்கடையில், வளர்ந்த வீட்டுக்கு மறுபடி பால் காய்ச்ச வேண்டுமா வேண்டாமா என்று ஒரு வாரம் வழக்கு நடந்தது.

அடுத்த தெருக்காரர்கள் தேங்காய் பழத்தோடு வரத் தொடங்கினார்கள். ஒருவர் நிலைப்படியில் கற்பூரம் ஏற்றப்போனபோது பஞ்சவர்ணம் ஓடிவந்தாள்.

"ஐயா, கும்புட்டுக்கங்க, வேணாங்கல. கற்பூரம் மட்டும் வேணாம், செவுத்துல கரி புடிக்கும்."

பார்த்தவர்களுக்கெல்லாம் தங்கள் வீட்டையும் வளர்த்துவிட ஆசை வந்தது. கண்ணாத்தாள் ஒருநாள் லீவு போட்டு, சாமான் அத்தனையையும் வாசலில் இறக்கி, சுவரைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஆசிட் ஊற்றித் தரையைத் தேய்த்து, இரண்டு நாள் காய்ச்சலில் விழுந்தாள். வீடு நான்கு விரற்கடை வளர்ந்தது. அவள் காய்ச்சல் தீர்ந்து எழுவதற்குள் பழையபடி சுருங்கிவிட்டது.

"அடி இவளே, நீ என்னதான் மந்திரம் வச்சிருக்க? எனக்கும் சொல்லேன்."

"ஒண்ணுமில்லக்கா. இப்பக் காப்பி குடிச்சீகள்ல, அந்த டம்ளரக் கழுவிக் கவுத்துட்டுப் போங்க."

"அம்புட்டுத்தானா?"

"இன்னைக்கு அம்புட்டுத்தான்."

கண்ணாத்தாள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டுதான் போனாள். ஆனாலும் டம்ளரைக் கழுவினாள்.

வீட்டுக்காரர் பொங்கியண்ணன் காதுக்கும் சேதி போயிற்று. மோசமான மனிதர் இல்லை. தண்ணீர்ப் பஞ்சத்தில் லாரித் தண்ணீரை முதலில் காம்பவுண்டுத் தொட்டியில் இறக்கிவிட்டுத்தான் தன் வீட்டுக்குக் கொண்டுபோவார். ஆனால் திருப்பூரில் காலி இடத்தைக் கண்ட மனிதனுக்குச் சோறு இறங்காது. வந்து உள்ளே நின்று சுற்றிலும் பார்த்தார். மறுநாளும் வந்து பார்த்தார். அதற்கடுத்த நாள் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏனம்மணி, நான் கட்டுனது பத்துக்குப் பத்துதானே. மிச்சம் யாருது?"

"அதத்தாண்ணே நானும் யோசிக்கிறேன்."

"யோசிக்கறதுக்கு என்ன இருக்குது? மரம் என்னுதுன்னா காயும் என்னுதுதான்."

"மரம் ஒங்களுதுதாண்ணே. தண்ணி யாரு ஊத்துனா?"

பொங்கியண்ணன் சிரித்தார். சிரித்துக்கொண்டேதான் எழுந்து போனார். மாசம் பிறந்ததும் ஆள் அனுப்பினார்: இந்த வீட்டில் பவர் டேபிள் போடப்போகிறார், வரிசையாகத் தையல் மிஷின்கள் வருகின்றன, பஞ்சவர்ணம் குடும்பம் குளியலறைப் பக்கத்து ஈரச் சுவர் வீட்டுக்கு மாறிக்கொள்ளட்டும்.

எதிர்த்துப் பேசச் சோணைமுத்து எழுந்தான். சட்டம் யார் பக்கம் என்று புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் தெரியும், உட்கார்ந்துவிட்டான். சாமான்களை ஏற்றி இறக்கினார்கள். ஈரச் சுவர் வீட்டில் மூன்று பேர் நின்றால் நான்காவது ஆள் கதவைச் சாத்த முடியாது. பூங்கோதை புத்தகப் பையை மாட்டிக்கொண்டு அப்பாவோடு ஊர் பஸ் ஏறினாள். அழவில்லை, ஜன்னல் பக்கம் இடம் பிடித்து, அம்மாவைப் பார்க்காமல் எதிர்ப்பக்கக் கடைப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தாள். பஞ்சவர்ணம் வீடு வந்து, பிரிக்காத மூட்டையின்மேல் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு ஒன்றையும் தொடவில்லை. தட்டு காய்ந்தது, பாய் விரித்தபடி கிடந்தது, பாசி சுவரிலிருந்து தரைக்கு இறங்கியது. சுவரும் சும்மா இருக்கவில்லை. படுத்தால் ஈரம் முதுகைத் தொடுகிற தூரத்துக்கு வந்துவிட்டது.

"ஏதாச்சும் செய்யேன் வர்ணம்" என்றான் சோணைமுத்து.

"செஞ்சு? வளத்து விட்டா இதையும் புடுங்குவாக."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பினான்.

ஒரு காலையில் அவள் பால் வைத்துவிட்டு மூட்டையில் சாய்ந்திருந்தாள். நினைப்பெல்லாம் பூங்கோதை தலையை யார் பின்னிவிடுகிறார்கள் என்பதில் இருந்தது. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் எழுந்தது தெரியாது, துணியை எடுத்தது தெரியாது. நினைப்புக் கலைந்து பார்த்தபோது அடுப்பு துடைத்துச் சுத்தமாக இருந்தது, கையில் ஈரத்துணி இருந்தது. அந்தக் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். ஷிப்டு முடிந்து உள்ளே நுழைந்த சோணைமுத்து, இத்தனை நாள் கழித்துச் சிரிக்கிறவளைப் பார்த்துப் பயந்துபோனான்.

"என்னடி ஆச்சு?"

"வீட்டத்தான எடுத்துக்கிட்டாக. கைய எடுத்துக்கலையே!"

அன்றைக்கு அடுப்பு மட்டும்தான். மறுநாள் அடுப்பும் ஜன்னலும்.

அங்கே பவர் டேபிள் வீட்டில் மிஷின்கள் கடகடவென்று ஓடின. வெட்டிப்போட்ட துணி காலடியில் குவிந்தது, நூல் பிசிறு மிஷின் காலில் சுற்றியது, குடித்துப் போட்ட டீக் கப்புகள் ஜன்னலில் அடுக்கடுக்காக நின்றன, பஞ்சு வெள்ளையாகச் சுவரெல்லாம் பூத்தது. நாளைக்குப் பெருக்கலாம் என்றார்கள். முதலில் டெய்லர்களின் முழங்கைகள் இடித்துக்கொண்டன. அடுத்து ஸ்டூலை இழுக்க இடமில்லாமல் நின்றுகொண்டு தைத்தார்கள். பொங்கியண்ணன் கொத்தனாரைக் கூட்டிவந்தார். கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்து, "செவுரு நல்லாத்தானுங்க இருக்குது, உள்ள இருக்கறவங்க மேல கோவமா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசி மிஷினைத் தலைகீழாகக் கவிழ்த்துத்தான் வெளியே உருவ முடிந்தது. பொங்கியண்ணன் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அதற்குள் அந்த வீடு, ஓர் ஆள் நிற்கிற அலமாரி அளவுக்கு வந்திருந்தது.

ஈரச் சுவர் வீடோ காய்ந்து, வெளுத்து, வளர்ந்து, பழைய வீட்டைத் தாண்டிப் போயிற்று. பூங்கோதை திரும்ப வந்துவிட்டாள். டம்ளரைக் கழுவத் தொடங்கிய கண்ணாத்தாள் வீட்டிலும் இப்போது கட்டில் போட இடமிருந்தது. பிரமிளா வீட்டில் ஒரு தொட்டிலும் அதை வீசி ஆட்ட இடமும் வந்திருந்தன. ஆனால் பஞ்சவர்ணம் வீட்டில் மட்டும், இந்தச் சுவரோரம் நின்று கூப்பிட்டால் அந்தச் சுவரோரம் நிற்பவருக்குக் காது கேட்காது.

ஐப்பசி மழை அந்த வருஷம் விடாமல் பெய்தது. பொங்கியண்ணன் மகள் கல்யாணத்தன்று விடிகாலையில் நொய்யல் கரை தாண்டி, கல்யாண மண்டபத்துக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்தது. ஜோடித்த மணவறை மிதந்துகொண்டு சமையல்கட்டுக்குப் போயிற்று. மாப்பிள்ளை வீட்டார் பஸ்களில் வந்து இறங்கிவிட்டார்கள், முகூர்த்தத்துக்குப் பொழுதில்லை, ஊரில் வேறு மண்டபமும் காலியில்லை. பட்டு வேட்டி நனைந்து காலில் ஒட்ட, பொங்கியண்ணன் காம்பவுண்டின் கடைசி வீட்டு முன்னால் வந்து நின்றார். "மண்டபம் பூராத் தண்ணி, அம்மணி" என்றார். தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிய பஞ்சவர்ணம் அவரைப் பார்த்தாள். மூட்டையின்மேல் உட்கார்ந்திருந்த நாட்கள் நெஞ்சுக்குள் ஒரு தரம் வந்து போயின. பூங்கோதையும் பக்கத்தில் நின்று அம்மா முகத்தையே பார்த்தாள். பஞ்சவர்ணம் சட்டியைக் கீழே வைத்தாள்.

"பிள்ளையக் கூட்டிட்டு வாங்கண்ணே. வர்றவகள, செருப்ப வெளிய வரிசையா விடச் சொல்லுங்க."

அந்த ஒடுங்கிய வாசல் வழியாக நாதஸ்வரக்காரர் போனார், தவில் போனது, சீர்வரிசைத் தட்டுகள் போயின, குடம் குடமாகச் சாம்பார் போனது, ஒருவர் பின் ஒருவராக ஊரே உள்ளே போயிற்று. போனவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு உட்கார்ந்தார்கள். காலைப் பந்தி நடந்தது. மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்: "இத்தாப்பெரிய வீடு! உங்களுதுங்களா சம்மந்தி?"

பொங்கியண்ணன் பஞ்சவர்ணத்தின் பக்கம் கையைக் காட்டினார். "பத்துக்குப் பத்து என்னுதுங்க. மிச்சமெல்லாம் அந்த அம்மணியோடதுங்க."

சொல்லி வாய் மூடவில்லை, தவில்காரர் முதுகில் ஏதோ முட்டியது. திரும்பிப் பார்த்தார். சுவர்! பந்தி முடிந்த இலைகள் எடுக்காமல் கிடந்தன, காப்பிக் கப்புகள் காலில் உருண்டன, பூ, சந்தனக் கிண்ணம், வெற்றிலைக் காம்பு, சீர்த்தட்டுகளைப் பிரித்துப் போட்ட காகிதம் எல்லாம் தரையெங்கும் பரவிக் கிடந்தன. நான்கு பக்கச் சுவரும் அம்மி நகர்கிற சத்தத்தோடு, நடுவில் போட்டிருந்த கல்யாண மணையை நோக்கி வந்துகொண்டிருந்தன. கூட்டம் எழுந்தது. வாசலோ ஒடுக்கம், எல்லோரும் ஒன்றாய்ப் பாய்ந்தால் மிதிபடத்தான் வேண்டும். ஐயர் மந்திரத்தை ஓட்டினார், மணப்பெண் மாலையோடு எழுந்துவிட்டாள்.

பஞ்சவர்ணம் கத்தவில்லை, மேளத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது? குனிந்து, தன் காலடியில் கிடந்த ஒரு காப்பிக் கப்பை எடுத்தாள். பக்கத்தில் நின்ற கண்ணாத்தாள் பார்த்தாள், தன் காலடியில் கிடந்ததை எடுத்தாள். பிரமிளா எடுத்தாள். பூங்கோதை எடுத்தாள். மகளிர் குழுப் பெண்கள் குனிந்தார்கள், அவர்களைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் குனிந்தார்கள், கழுத்துச் சங்கிலிகள் முன்னால் விழுந்து ஆட ஆட வரிசை வரிசையாக ஊரே குனிந்தது. யாரும் தன் காலடியைத் தாண்டிப் போகவில்லை, அவரவர் இலை, அவரவர் கப்பு, அவரவர் சிந்திய பருக்கை. மணப்பெண் குனிந்து, உதிர்ந்த தன் மாலைப் பூவைப் பொறுக்கினாள். யாருக்கும் குனிந்திராத பொங்கியண்ணன், முழங்கால் போட்டு உட்கார்ந்து, தோளில் கிடந்த பட்டுத் துண்டை எடுத்து, தரையில் கொட்டியிருந்த பாயசத்தைத் துடைத்தார்.

சுவர் நின்றது. பெருமூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. பிறகு பின்வாங்கியது; பழைய இடத்துக்குப் போயிற்று, அதையும் தாண்டிப் போயிற்று, அந்த வீட்டில் இதுவரை யாரும் பார்த்திராத தரையெல்லாம் புதிதாக விரிந்து வந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். ஐயர் கையைத் தூக்கினார், "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" தாலி ஏறியது, அட்சதை பறந்தது, தவில் அடித்து ஓய்ந்தது.

எல்லாம் அடங்கிய பிறகு, வெகு தூரத்தில், கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிந்த அந்தச் சுவரில் மோதித் திரும்பி, அதே கெட்டிமேளம் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது. அந்தக் கோடியில் இன்னொரு கல்யாணம் நடக்கிறதாக்கும் என்று நாதஸ்வரக்காரர் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார். பஞ்சவர்ணம் வாய்விட்டுச் சிரித்தாள். சிறிது நேரம் கழித்து அந்தச் சிரிப்பும் திரும்பி வந்தது.